உலோகம் புதுசாயிடுச்சா? அந்த 2 டிகிரியை யார் முடிவு பண்ணினது?

போன எபிசோடில் பேச்சுவாக்கில், "இப்போ ஒரு எஃகுத் தகடு ஆய்வகத்துக்கு பைத்தான் எழுதிட்டு இருக்கேன், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் டேட்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெயில்களில் பாதி "அது என்ன டேட்டா, அதில் ஒரு ஐ.டி. ஆளுக்கு என்ன வேலை?" என்றுதான். காதில் சொல்லி விளங்க வைப்பது கஷ்டம். அதனால் இந்த வாரக் கடிதம் முழுக்க அதுதான்.

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். உலோகவியலில் ஒரு பேப்பர்கூட எழுதியது கிடையாது. இங்கே ஸ்வீடனில் எனக்குக் கிடைத்த கான்ட்ராக்ட் வேலை இவ்வளவுதான்: மைக்ரோஸ்கோப் கொடுக்கும் ஃபைல்களைப் படித்து, கணக்குப் போட்டு, கடைசியில் ஒரு எண்ணை ரிப்போர்ட்டில் வைக்க வேண்டும். அந்த எண்ணின் பெயர் மறுபடிகமான பங்கு. நசுக்கி உருட்டிய தகட்டை உலையில் சூடாக்கிய பிறகு, அதில் எத்தனை சதவீதம் புதிய படிகமாக மாறியிருக்கிறது என்பது கணக்கு. விஷயம் என்னவென்றால், இந்தச் சதவீதத்தை மைக்ரோஸ்கோப் அளப்பதில்லை. அது கோணங்களை மட்டும்தான் அளக்கிறது. சதவீதம் வருவது கோடில் இருக்கும் ஒரு இஃப் கண்டிஷனிலிருந்து.

முதலில் உலோகத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு செம்புக் கம்பியை எடுத்து வளைத்து, நிமிர்த்தி, திரும்ப வளைத்துப் பாருங்கள். நாலாவது ஐந்தாவது தடவை கை வலிக்கும். கம்பி விறைத்துவிட்டது. இது நகை ஆசாரிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. கம்பியைச் சின்னத் துளை வழியாக இழுப்பார்கள், அது விறைத்ததும் நெருப்பில் காட்டுவார்கள், மெதுவானதும் மறுபடி இழுப்பார்கள். நெருப்பில் காட்டாமல் இழுத்துக்கொண்டே போனால் அறுந்துவிடும்.

உலோகம் என்பது குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒட்டிய கூட்டம். ஒவ்வொரு குட்டிப் படிகத்தையும் கிரெய்ன் என்கிறார்கள். கிரெய்னுக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். பக்கத்துக் கிரெய்னிலும் அதே அடுக்குதான், ஆனால் திரும்பியிருக்கும் கோணம் வேறு. நசுக்கும்போது அணு வரிசைகளில் கோடு கோடாகப் பிசகு விழுகிறது. அதுதான் டிஸ்லொகேஷன். எவ்வளவு விழும்? நன்றாக நசுக்கிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிசகுக் கோடுகளை எல்லாம் நீட்டி ஒட்டினால், சுமார் பத்து லட்சம் கிலோமீட்டர் வரும். நிலாவுக்குப் போய்த் திரும்பியும் மிச்சம் இருக்கும். நன்றாகச் சூடாக்கி ஆற்றிய உலோகத்தில் இது நூறு கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். கோடுகள் ஒன்றுக்கொன்று சிக்கிக்கொள்வதால்தான் விறைப்பு.

சூடாக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, பிசகுக் கோடுகள் நகர்ந்து, சில ஒன்றையொன்று அழித்து, மிச்சம் வரிசைகட்டி நின்றுகொள்கின்றன. கிரெய்ன் பழசுதான், கொஞ்சம் ஒழுங்குபட்டிருக்கிறது. இதற்கு மீட்சி என்று பெயர். இன்னொன்று, அங்கங்கே பிசகே இல்லாத புது கிரெய்ன் முளைத்து, பக்கத்தில் இருக்கும் பழசைத் தின்றுகொண்டே வளர்கிறது. இதுதான் மறுபடிகமாதல். இரண்டும் ஒரே உலையில், ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டுமே உலோகத்தை மென்மையாக்கும். இந்தக் குழப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இதில் சதவீதம் எதற்கு? கார் கதவுக்குப் போகும் எஃகுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த நிலையில் உருளைகளுக்கு நடுவே விட்டு, தடிமனைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடுவார்கள். அப்போது அது முறைப்பான தகடு. அச்சில் வைத்து அமுக்கினால் கிழியும். அதனால் நீளமான உலைக்குள் ஓடவிட்டுச் சூடாக்குகிறார்கள். தகடு ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வந்துகொண்டே இருக்கும், உச்ச வெப்பத்தில் அது நிற்பது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கணக்குதான். போதாமல் போனால் பழைய விறைப்பு பட்டை பட்டையாக மிச்சம் இருக்கும், அச்சில் வெடிப்பு விடும். அதிகமாகிவிட்டால் கிரெய்ன்கள் பெருத்து, அமுக்கிய இடம் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். நடுவில் இருக்கும் ஜன்னலைக் கண்டுபிடிக்கத்தான் சதவீதம்.

பழைய வழி எளிது. வைரக் கூம்பால் குத்தி, குழியின் அளவைப் பார்த்துக் கடினத்தைக் கணக்கிடுவார்கள். மலிவு, வேகம், இன்றைக்கும் உண்டு. ஆனால் மேலே சொன்ன குழப்பம் இங்கேதான் இடிக்கிறது: மென்மை மீட்சியால் வந்ததா, புதுக் கிரெய்னால் வந்ததா என்று குழிக்குத் தெரியாது. அதற்கு உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கோடுகள் ஓட்டுப் போடும் இடம்

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் மாதிரியை 70 டிகிரி சாய்த்து வைப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது ஏதோ கழன்று விழப்போகிறது என்றே தோன்றியது. எலக்ட்ரான் கற்றை ஒரு புள்ளியில் படுகிறது. உள்ளே போன எலக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் சிதறி, அதில் ஒரு பகுதி திரும்பி வெளியே வருகிறது. வரும் வழியில் அணு அடுக்குகளால் விளிம்பு விலகல் ஆகி, எதிரே இருக்கும் ஒளிரும் திரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளை வரைகிறது. ஒவ்வொரு பட்டையும் ஓர் அணுத்தளத்தின் நிழல் மாதிரி. படிகம் கொஞ்சம் திரும்பினால் பட்டைகள் எல்லாம் சேர்ந்து நகரும். இவற்றை 1928-ல் முதலில் கவனித்து எழுதியவர் ஜப்பானியரான செய்ஷி கிகுச்சி. அதனால் இவை கிகுச்சிப் பட்டைகள். இந்த அளவீட்டு முறையின் பெயர் இபிஎஸ்டி.

பட்டைகளைக் கண்ணால் பார்த்தால் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்கு ஒரு பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஹஃப் டிரான்ஸ்ஃபார்ம்! காலேஜில் இமேஜ் ப்ராசஸிங் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படத்தில் இருக்கும் ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும், தன் வழியாகப் போகக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஒரு ஓட்டுப் போடும். ஒரே கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளின் ஓட்டுகள் ஒரே இடத்தில் குவியும். எங்கே குவிந்திருக்கிறதோ அதுதான் கோடு. பால் ஹஃப் இதற்கு 1962-ல் காப்புரிமை வாங்கியது பபிள் சேம்பர் போட்டோக்களில் அணுத்துகள் போன தடங்களைப் பிடிப்பதற்காக. முப்பது வருடம் கழித்து, 1990-களின் தொடக்கத்தில், டென்மார்க்கில் நீல்ஸ் கிரீகர் லாஸன் என்ற ஆய்வாளர் அதைக் கிகுச்சிப் பட்டைகளுக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில்தான் அமெரிக்காவில் ப்ரென்ட் ஆடம்ஸ், ஸ்டுவர்ட் ரைட் குழு, புள்ளி புள்ளியாக ஓடி முழு வரைபடம் எடுக்கும் முறையை 1993-ல் வெளியிட்டது.

பட்டைகள் கிடைத்ததும், அவற்றுக்கு இடையே உள்ள கோணங்களை எடுத்து, இரும்புப் படிகத்தில் எந்தத் தளத்துக்கும் எந்தத் தளத்துக்கும் என்ன கோணம் என்ற அட்டவணையோடு ஒப்பிட்டால், அந்தப் புள்ளியில் படிகம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று மூன்று கோணங்களாக விடை வரும். கற்றையை அடுத்த புள்ளிக்கு நகர்த்து, திரும்பச் செய். 500-க்கு 400 புள்ளி என்றால் இரண்டு லட்சம் தடவை. ஒரு புள்ளிக்கு ஒரு விநாடி என்று வைத்தால் 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இப்போதைய கேமராக்கள் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன, 2,000 என்று வைத்தாலும் 100 விநாடியில் முடிந்துவிடும். ஃபிகா காபி ஆறுவதற்குள் வரைபடம் தயார். வேகம் கூடினதில் ஒரு பக்கவிளைவு உண்டு: ஒவ்வொரு பட்டைப் படத்தையும் மனுஷக் கண் பார்ப்பது நின்றுவிட்டது.

இஃப் கண்டிஷன்

இதுவரை அளவீடு. இங்கிருந்து என் கோடு.

கையில் இருப்பது இரண்டு லட்சம் திசைகள். முதல் வேலை, எது எது ஒரே கிரெய்ன் என்று பிரிப்பது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் கோண வித்தியாசம் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒரே கிரெய்ன், மேலே போனால் எல்லை. பெயின்ட் மென்பொருளில் வாளியைக் கவிழ்த்து நிறம் ஊற்றுவோமே, அதே ஃப்ளட் ஃபில். கோண வித்தியாசத்தைக் கழித்தல் கணக்காகப் போட முடியாது என்பது மட்டும்தான் சிக்கல். இரும்பின் படிகம் கனசதுர வகை, 24 விதமாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்த எல்லாச் சமானங்களிலும் எது மிகச் சின்னதோ அதை எடுக்க வேண்டும். கேம் எழுதினவர்களுக்குக் குவாட்டர்னியன் தெரிந்திருக்கும், அதே ஆயுதம்தான் இங்கேயும்.

அடுத்து, ஒவ்வொரு கிரெய்னுக்கும் சராசரித் திசையைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் புள்ளிகள் அதிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கிறோம். இதற்குக் கிரெய்ன் ஓரியன்டேஷன் ஸ்ப்ரெட், சுருக்கமாக ஜிஓஎஸ். நசுங்கிய கிரெய்ன் உள்ளுக்குள் வளைந்து நெளிந்திருக்கும், விலகல் அதிகம். புதிதாக முளைத்தது கண்ணாடி மாதிரி ஒரே திசை, விலகல் கம்மி. ஆக, ஜிஓஎஸ் 2 டிகிரிக்குக் கீழே இருந்தால் மறுபடிகமானது, இல்லையென்றால் பழசு. கீழே உள்ளவற்றின் பரப்பைக் கூட்டி மொத்தத்தால் வகுத்தால் சதவீதம்.

அந்த 2 எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பொதுவாக 1 முதல் 3 டிகிரி வரை பார்க்கலாம். இயற்கை விதி எதுவும் அதில் இல்லை. உலோகம், நசுக்கிய அளவு, கருவி, எல்லாவற்றையும் பொறுத்து யாரோ ஒருவர் பொருத்தமாக எடுத்த முடிவு. அது மென்பொருளின் டிஃபால்ட்டில் போய் உட்கார்ந்ததும் விதி மாதிரி முறைப்பாக நிற்க ஆரம்பித்துவிடுகிறது.

கோட்டை எழுதி ஓட்டினால்தான் அது எங்கெல்லாம் இடறும் என்று தெரியும். ஃப்ளட் ஃபில் ஓட்டையை நினையுங்கள்: இரண்டு கிரெய்ன்களுக்கு நடுவே இருக்கும் எல்லையில் ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம் 14 டிகிரியாக இறங்கினாலும் போதும், நிறம் அந்தப் பக்கம் கசிந்து இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்றான உருப்படியின் விலகல் எகிறும். நல்லபடியாக முளைத்த புதுக் கிரெய்ன் பழசின் கணக்கில் போய்விடும். இதற்கு நேர் எதிரான கேஸும் உண்டு. நசுங்கிய பகுதியில் சுற்றிலும் எல்லை விழுந்த சின்னத் துணுக்கு, ஐந்தாறு புள்ளிதான் இருக்கும். அவ்வளவு சின்ன இடத்தில் வளைய எங்கே இடம்? விலகல் கம்மியாக வந்து "புதுசு" என்று உள்ளே நுழைந்துவிடும். அதனால் இத்தனை புள்ளிக்குக் கீழே இருந்தால் சேர்க்காதே என்று இன்னொரு கண்டிஷன். அதற்கும் ஓர் எண் வேண்டும், அதையும் யாராவது முடிவு பண்ண வேண்டும்.

ஜிஓஎஸ் பிடிக்காதவர்கள் வேறு அளவு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டைப் புள்ளிகளோடு சராசரியாக எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பார்ப்பது, பெயர் கேஏஎம். கிரெய்ன் பிரிக்கும் தலைவலி இல்லை. ஆனால் புள்ளிகளின் இடைவெளியைப் பொறுத்து விடை மாறும். வளைந்த சாலையில் பத்து அடிக்கு ஒருமுறை திசை பார்த்தால் மாற்றம் கொஞ்சம், நூறு அடிக்கு ஒருமுறை பார்த்தால் நிறைய. அதே கதை. இடைவெளியை ரொம்ப நெருக்கினாலும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் ஹஃப் முறையில் திசையின் துல்லியமே சுமார் அரை டிகிரிதான். உண்மையான மாற்றம் அதற்குக் கீழே போய்விட்டால் நாம் அளப்பது வெறும் இரைச்சல்.

இது எங்கே கடிக்கும் என்று சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே சுருளிலிருந்து வெட்டிய தகட்டுக்கு இரண்டு ரிப்போர்ட் வந்திருந்தது, இரண்டு வேறு ஆய்வகங்களிலிருந்து. ஒன்றில் கிட்டத்தட்ட முழுசாக முடிந்துவிட்டது என்று இருந்தது, மற்றதில் இன்னும் கணிசமாகப் பாக்கி. மீட்டிங்கில் இரண்டு தரப்பும் உலை வெப்பத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் வாதாடினார்கள். ஃபைல்களைத் திறந்து பார்த்தால் ஒருவர் நெருக்கமான இடைவெளியில் கேஏஎம் வைத்து எண்ணியிருக்கிறார், மற்றவர் ஜிஓஎஸ். ரிப்போர்ட் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே மாதிரி நீலமும் சிவப்புமாகப் படம். உலையின் மேல் எந்தக் குற்றமும் இல்லை!

சில சதவீதம் முன்னே பின்னே போனால் என்ன என்று கேட்கலாம். காலக் கணக்கைப் பார்த்தால் தெரியும். மறுபடிகமாதல் எஸ் வடிவத்தில் நகரும்: மெதுவாக ஆரம்பித்து, வேகமெடுத்து, கடைசியில் இழுக்கும். 1930-களின் கடைசியில் கோல்மோகோரவ், ஜான்ஸன், மேல், அவ்ராமி ஆகியோர் தனித்தனியாகக் கண்ட சமன்பாடு இதற்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. அதில் நேரத்தின் அடுக்கு எண் 1 என்று வைத்தால், 95 சதவீதத்திலிருந்து 99-க்குப் போக 54 சதவீதம் கூடுதல் நேரம் வேண்டும். அடுக்கு 2 என்றால் 24 சதவீதம். அதாவது 60 விநாடியில் 95-ஐத் தொட்ட தகடு 99-ஐத் தொட 92 விநாடியோ 74 விநாடியோ ஆகும். உலையின் நீளத்தை மாற்ற முடியாது, அதனால் தகட்டின் ஓட்டத்தைத்தான் குறைக்க வேண்டும். முதல் கேஸில் ஆலையின் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு விழும், இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்கு. அல்லது உலையை இன்னும் சூடாக்க வேண்டும், அதற்கு எரிபொருள். 2-ஐ 3 ஆக்கினால் இந்தச் செலவே இல்லாமல் ரிப்போர்ட்டில் 99 வந்துவிடும். தகட்டில் மாற்றம் இருக்காது.

இன்னும் ஒரு பொறி, இது இப்போதைய கார் எஃகுக்கே உரியது. 727 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எஃகின் ஒரு பகுதி ஆஸ்டினைட் என்ற வேறு அடுக்குக்கு மாறத் தொடங்கும். வேகமாகக் குளிர்வித்தால் அது மார்டென்ஸைட் ஆகும். கடினமான எஃகு வேண்டும் என்று வேண்டுமென்றே செய்வது இது. மார்டென்ஸைட் புதிதாகப் பிறந்ததுதான், ஆனால் உள்ளே கன்னாபின்னாவென்று முறுக்கிக்கொண்டு இருக்கும். கோட்டுக்கு அது நசுங்கிய பழசு மாதிரியே தெரியும். பட்டைப் படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்ற இன்னொரு அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிரிக்க முடிகிறது, அதுவும் முழுசாக இல்லை.

அப்புறம் பாலிஷ். திரும்பி வரும் எலக்ட்ரான்கள் தகவல் கொண்டுவருவது மேற்பரப்பின் சில பத்து நானோமீட்டர் ஆழத்திலிருந்துதான். மாதிரியைத் தேய்க்கும்போது விழுந்த கீறலின் கீழே உலோகம் நசுங்கியிருந்தால், உலையைக் குறை சொல்லிக்கொண்டு நாம் உண்மையில் தேய்த்த காகிதத்தை அளந்துகொண்டிருப்போம். கடைசியில் மிக நுண்ணிய சிலிக்கா கரைசலில் நேரமெடுத்து மெருகேற்றுவது இதனால்தான். எங்கள் ஆய்வகத்தில் அந்த வேலையைச் செய்கிற அம்மாவை எந்த அல்காரிதமும் ஈடுகட்ட முடியாது என்பது என் கருத்து.

அப்படியானால் எண்ணை நம்பவே கூடாதா? நம்பலாம், அதற்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. இரண்டு மாதிரிகளைக் கூடவே அளக்க வேண்டும்: சூடே காட்டாத உருட்டிய தகடு ஒன்று, முழுசாக அனீல் செய்தது ஒன்று. அதே இடைவெளி, அதே அமைப்பு. முதலாவதில் விடை 0-க்குப் பக்கத்திலும் இரண்டாவதில் 100-க்குப் பக்கத்திலும் வர வேண்டும். சூடே காட்டாததில் கணிசமான "புதுசு" வந்தால், அந்த அளவு பொய் எல்லா ரிப்போர்ட்டிலும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு எல்லையை 1-லிருந்து 5 வரை சின்னச் சின்னப் படியாக நகர்த்தி, ஒவ்வொன்றுக்கும் சதவீதத்தை வரைய வேண்டும். நடுவில் சமதளம் ஒன்று தெரிந்தால் அங்கே எந்த எண்ணை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, நிம்மதி. சமதளமே இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் புதுசும் பழசும் அந்த அளவில் பிரியவே இல்லை. நன்றாக மீட்சி அடைந்த மாதிரிகளில் இப்படித்தான் வரும். அப்போது ஒற்றை எண்ணைக் கொடுப்பதற்குப் பதில் அந்த வரைபடத்தையே ரிப்போர்ட்டில் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். மேனேஜருக்கு முதலில் பிடிக்கவில்லை. எக்செல் கட்டத்தில் வரைபடம் எப்படி உட்காரும் என்றார். இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் கூடியிருக்கிறது: என்ன அளவு, என்ன எல்லை, என்ன இடைவெளி.

இவ்வளவும் ஒரு வெட்டு முகத்தில் பார்ப்பது. பரப்பின் பங்கும் கன அளவின் பங்கும் சராசரியில் ஒன்றே என்று 1847-லேயே டெலெஸ் என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் காட்டிவிட்டதால், சதவீதத்துக்கு வெட்டு முகம் போதும். எப்படி வளர்ந்தது என்று கேட்டால் போதாது. டென்மார்க்கின் ரிஸோ ஆய்வகக் குழு 2004-ல் நசுக்கிய அலுமினியத்தின் உள்ளே ஒரு கிரெய்ன் வளர்வதை, அதை வெட்டாமலேயே, வலிமையான எக்ஸ்-கதிரில் தொடர்ந்து பார்த்து சயின்ஸ் இதழில் வெளியிட்டது. பாடப்புத்தகத்தில் உருண்டையாக, சீராக வளரும் என்று வரைந்திருப்பார்கள். அது அங்கங்கே நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் நின்று, இன்னொரு பக்கம் திடீரென்று பாய்ந்து போயிருந்தது. மேலே சொன்ன எஸ் வளைவு இத்தனை கோணல்களின் சராசரி.

கை வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: மேட்லாப் வைத்திருந்தால் எம்டெக்ஸ், பைத்தான் என்றால் ஓரிக்ஸ், பட்டைப் படங்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்றால் கிகுச்சிபை. மூன்றும் திறந்த மூலம். பழகிப் பார்ப்பதற்கான டேட்டாவுக்கு அவற்றின் ஆவணங்களிலேயே வழி இருக்கிறது. ஒரு வரைபடத்தை எடுத்து, எல்லையை 1-லிருந்து 5 வரை ஒரு ஃபார் லூப்பில் ஓட்டி, வரும் வளைவின் ஸ்க்ரீன்ஷாட்டை மெயிலில் போடுங்கள். சமதளம் வந்ததா இல்லையா என்று அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்க்கலாம்.